ஊசி நடுவில்தான் நின்றது, அக்கா

எங்கே இருந்தாலும் என் காதைத் திருகக் கை நீளும் என் சுமதி அக்காவுக்கு,

உன் கெமராவை நான் தொட்டுவிட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் தொட்டேன். ஆனால் நீ இருந்திருந்தால், "அம்மா யாருடி என் கெமராவுக்கு உத்தரவு குடுக்க?" என்றுதான் கேட்டிருப்பாய்.

இந்தக் கடிதம் எங்கள் பள்ளிக்கூட மலரில் வரப்போகிறது. உனக்கு எழுதுவதை ஊருக்குக் காட்டுவது சரியா என்று யோசித்தேன். ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. எரிகிற விளக்குக்கு முன்னால் ஓர் ஆளை நிறுத்திப் படம் எடுத்தால், விளக்கும் முகமும் இரண்டும் விழுவதற்கு என்ன வழி? உன்னிடம் கேட்க முடியாது. வாசிக்கிறவர்களில் யாருக்காவது தெரிந்திருக்கலாம்.

அவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் கொஞ்சம் சொல்கிறேன், கோபிக்காதே. நீ கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலையில் இருந்தாய். அந்தக் குடும்பம் வெளிநாடு போகும்போது வீட்டுக்காரம்மாவான நோனா தன் பழைய கெமராவை உனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நீ அதைத் துணியில் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பி வந்தாய், அம்மாவோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனாய். ஃபிலிம் வாங்குவதற்காகவே வளையல் வாங்காமல் இருந்தாய். சிங்களவர் புத்தருக்கு விளக்கேற்றும் ஒவ்வொரு வெசாக் பண்டிகைக்கும் கீழே நாட்டிலிருந்து உன் சிங்களச் சிநேகிதி மாலனி மூங்கில் கொண்டுவர, நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எட்டுப் பட்டை வைத்த பெரிய காகித விளக்குக் கூடு கட்டி, வரிசை வீடான நம் லயத்து வாசலில் தொங்கவிட்டீர்கள். தமிழாளுங்க லயத்தில் எதற்கு வெசாக் கூடு என்று கேட்டவர்களுக்கு, "லைட்டு எரிஞ்சா உங்க காம்பராவுக்கும்தானே வெளிச்சம் வருது, பேசாம போங்க" என்றாய்.

ஆனால் அந்தக் கூட்டைப் படம் எடுக்க மட்டும் உன்னால் முடியவே இல்லை.

முதல் வருடம் கூடு வெறும் வெள்ளைக் குண்டாக விழுந்தது. சிவப்பு, பச்சை, வாலில் நீ கத்தரித்த பூ, ஒன்றுமே இல்லை. அடுத்த வருடம் நிறமெல்லாம் வந்தது, சுற்றி இருந்த உலகம் காணாமல் போனது. பக்கத்தில் நின்ற மாலனி தார் பூசினது போல இருந்தாள். நீ படங்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு கத்தியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"என் கண்ணுக்கு எல்லாந்தான் தெரியுது. கூடும் தெரியுது, மாலனி மூஞ்சியும் தெரியுது. இந்தப் பொட்டிக்கு மட்டும் என்ன கேடு?"

"மாலனியக்கா நெறமே அப்படித்தானே," என்றேன் நான்.

மாலனி என் தலையில் குட்டினாள். நீ சிரிக்கவில்லை. அன்றைக்கு நீ சாப்பிடவும் இல்லை.

போன வருட வெசாக்கில்தான் நாம் இரண்டு பேரும் நிற்கிற படத்தை எடுத்தாய். எப்போதும் கெமராவுக்குப் பின்னால் நிற்கிறவள், ஒருமுறையாவது முன்னால் நிற்கிறேன் என்றாய். பால் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் கெமராவை வைத்தாய். அதன் கண்ணுக்குள் பார்த்தால் ஓரத்தில் ஒரு சின்ன ஊசி தெரியும், வெளிச்சம் கூடினால் மேலே ஏறும், குறைந்தால் கீழே விழும், நடுவில் நின்றால் படம் சரியாக விழும் என்று நோனா உனக்குச் சொல்லியிருந்தார். என்னையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாய்.

"பாருடி, நடுவுல நிக்குதா?"

"நிக்குதுக்கா."

தானாக எடுக்கும் விசையை இழுத்துவிட்டு, வண்டு போல அது கிர்ரென்று கத்த, ஓடி வந்து என் பக்கத்தில் நின்றாய். பின்னால் கூடு எரிந்தது. நம் முதுகில் சூடு பட்டது. என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாய். டக் என்றது.

அந்த ரோலில் கொஞ்சம் படம் மிச்சம் இருந்தது. முடியாத ரோலைக் கழுவக் கொடுக்கிற பழக்கம் நம் வீட்டில் யாருக்கு இருக்கிறது? முடிச்சிட்டுக் குடுக்கலாம் என்றாய். அதற்குப் பிறகு மழை பிடித்தது. பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு நடந்ததை உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

கெமரா சாமித் தட்டில் இருந்தது அக்கா, கிட்டத்தட்ட ஒரு வருடம். அம்மா அதன் மேல் தூசி விழாமல் உன் தாவணியைப் போட்டு மூடினாள். நான் ஒருமுறை எடுத்துப் பார்க்கப் போனேன். அம்மா பாய்ந்து வந்து பிடுங்கினாள்.

"தொறந்துறாத! அதுக்குள்ள அவ இருக்கா. வெளிச்சம் பட்டா போயிருவா."

நான் அழவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஏனென்றால் அம்மா சொன்னது அப்படியே உண்மை. கழுவாத ஃபிலிமில் வெளிச்சம் பட்டால் எல்லாம் போய்விடும். பயத்தில் சொன்னது விஞ்ஞானமாகவும் இருந்தால் எதிர்த்து என்ன பேசுவது?

ஆடியில் உன் வருடத் திவசம் வர இருந்தது. மாலை போட ஒரு படம் வேண்டும். உன் படம் என்று வீட்டில் இருந்தது அடையாள அட்டைப் படம் மட்டும்தான். ஊரில் எல்லாரையும் நீ எடுத்திருக்கிறாய். நாயைக்கூட எடுத்திருக்கிறாய். உன்னை யாரும் எடுக்கவில்லை. எம்பிலிப்பிட்டியவில் கடை வேலையில் இருக்கிற அப்பா, லீவில் வந்தபோது அந்த அட்டைப் படத்தைப் பெரிதாக்கலாம் என்றார்.

"அது கவர்மெண்டு கச்சேரிக்குக் காட்டுன மூஞ்சி," என்றாள் அம்மா. "பயந்து போயி நிக்கிறா. அதுக்கு நான் பூ வைக்க மாட்டேன்."

அப்படியென்றால் ரோலைப் பாதியில் சுற்றி எடுத்துக் கழுவலாம், நூலகப் புத்தகத்தில் அப்படிச் செய்யலாம் என்று இருக்கிறது என்றேன். அம்மா ஒப்பவில்லை. முடித்துவிட்டுத்தான் கழுவ வேண்டும் என்று நீ சொல்லியிருக்கிறாய், அதனால் முடித்துவிட்டுத்தான். அதுவும் வேறு எதையும் எடுக்கக்கூடாது, கூட்டைத்தான் எடுக்க வேண்டும், நீ அதற்காகத்தான் அந்த மிச்சத்தை வைத்திருந்தாயாம். உயிரோடு இருந்தபோது உன் பேச்சை அம்மா இவ்வளவு கேட்டிருந்தால் வீட்டில் பாதிச் சண்டை நடந்திருக்காது.

மிச்சம் மூன்று படம்.

இந்த வெசாக்குக்கு முன்னாலேயே நான் டவுன் நூலகத்தில் ஒளிப்படக் கலை பற்றிய ஒரு பழைய புத்தகத்தைத் தேடிப் பிடித்து இரண்டு முறை வாசித்தேன். பின்னொளி என்று ஓர் அத்தியாயமே இருந்தது. எனக்கு உயிர் வந்தது. அளவு தெரியாவிட்டால் கூட்டியும் குறைத்தும் பல படங்கள் எடுத்துப் பாருங்கள், அவற்றில் நல்லதை வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த அத்தியாயம் முடிந்தது. எழுதியவருக்கு ஃபிலிம் மரத்தில் காய்த்திருக்க வேண்டும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நூலக ஜன்னலுக்கு வெளியே மேய்ந்த மாட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாலனி இந்த முறையும் மூங்கில் சுமந்துகொண்டு மேலே வந்தாள். வாசலில் போட்டுவிட்டு வியர்வையைத் துடைத்தாள்.

"நங்கி, சுமதி இல்லே சொல்லி கூடு இல்லாம இருக்க ஏலாது தானே. வா, ஹதமு."

தங்கச்சி, வா, செய்வோம் என்றுதான் சொன்னாள், ஆனால் பட்டை சீவும்போது அவள் கை நின்று நின்று போனது. அழுதுகொண்டே என்னைத் திட்டினாள். பசை தண்ணியாக இருக்கிறதாம், மூலை கோணலாம், சுமதியின் தங்கச்சி என்று வெளியில் சொல்லிவிடாதே என்றாள். நீ திட்டுவது போலவே இருந்தது.

முதல் நாள் மாலை கூடு எரிந்தது. வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் கெமராவை வைத்தேன். அம்மாவை நீ நின்ற இடத்தில் நிற்கக் கூப்பிட்டேன்.

"அது அவ எடம். நான் நிக்க மாட்டேன்."

சரி, கூடு மட்டும் என்று கண்ணை வைத்தேன். ஊசி கூட்டைப் பார்த்தால் மேலே துள்ளியது, லயத்துச் சுவரைப் பார்த்தால் செத்து விழுந்தது. கூட்டுக்கு அளவு வைத்தால் சுவர் இல்லை, சுவருக்கு அளவு வைத்தால் கூடு இல்லை. லயத்துப் பிள்ளைகளெல்லாம் சுற்றி நின்று கூட்டைப் பார்த்து, "சிரி, சிரி" என்று கத்தினார்கள். நடுவில் ஒரு அளவைப் பிடித்து, மூச்சை அடக்கி அழுத்தினேன். அதே நொடியில் கரண்ட் போனது.

"அனே!" என்றாள் மாலனி.

"புவனாக்கா போட்டோ புடிச்சா லயத்துக்கே கரண்ட் கட்டு!" என்று ஒரு வாண்டு சொல்ல, மற்றதுகள் குதித்தன. இருட்டில் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எத்தன மிச்சம்?" என்று கேட்டாள்.

அடுத்த நாள் மழை. நம் ஊர் மழையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? விட்டபோது நன்றாக இருட்டிவிட்டது. நாளைக்கு எடுக்கலாம் என்றேன். நாளைக்குக் கூடு இருக்குமா என்று அம்மா கேட்டாள். காகிதம் ஏற்கனவே ஊறித் தொங்கியது. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தப்பு என்று தெரிந்துகொண்டே எடுத்தேன். பிறகு கழுவிப் பார்த்தபோது, கூடு மட்டும் ஒரு கறுப்புக் கிணற்றுக்குள் தொங்கியது. நம் லயம் இல்லை, மரம் இல்லை. யார் வீட்டுக் கூடாக வேண்டுமானாலும் இருக்கலாம்.

மூன்றாம் நாள் மாலனி வந்து கிழிந்த வாலை ஒட்டினாள். நான் அன்று வெளிச்சம் இருக்கும்போதே விளக்கைப் போட்டுவிட்டேன்.

"பட்டப்பகல்ல லைட்டா? கெறுக்கு புடிச்சிருச்சா?" என்று பக்கத்துக் காம்பராவிலிருந்து குரல் வந்தது.

எனக்குத் தோன்றியது இதுதான் அக்கா. ராத்திரியில் கூடும் சுவரும் சண்டை போடுகின்றன, பகலில் கூடு எரிவதே தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓர் இடம் இருக்கத்தானே வேண்டும்? கெமராவைக் கூட்டுக்குத் திருப்பினேன், சுவருக்குத் திருப்பினேன், மரத்துக்கு மேலே தெரிந்த வானத்துக்குத் திருப்பினேன். மறுபடி கூடு, சுவர், வானம். பொழுது இறங்க இறங்க வானத்தில் ஊசி மெல்லக் கீழே வந்தது. ஒரு கட்டத்தில் மூன்றுக்கும் ஊசி கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றது. ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம்கூட இல்லை. அழுத்தினேன். ரோல் முடிந்தது. சுற்றும் கைப்பிடியை அம்மாவே சுற்றினாள், கண்ணை மூடிக்கொண்டு.

வரக்காப்பொலையில் நீ ஃபிலிம் கழுவக் கொடுக்கிற அதே ஸ்டுடியோவுக்குத்தான் போனேன். கடைக்கார முஸ்லிம் நானா உன்னை விசாரித்தார். சொன்னேன். படங்களை வாங்கப் போன அன்று உறையை என் கையில் தந்துவிட்டு, வேறு பக்கம் திரும்பி எதையோ தேடினார். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

முதலில் என் படம் இருந்தது. நம்பமாட்டாய் அக்கா. எட்டுப் பட்டையும் எட்டு நிறமாக, பின்னால் நீல வானம், ரப்பர் மரம், லயத்துச் சுவரில் பிள்ளைகள் கிறுக்கிய எழுத்துவரை. கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே. நீ மூன்று வெசாக்காகச் சண்டை போட்ட படம். எனக்கு ஒரு சந்தோசமும் வரவில்லை. நான் அதற்கு அடியில் இருந்ததைத் தேடினேன்.

அடியில் நாம் இருந்தோம். எரிகிற கூடு, அதன் முன்னால் இரண்டு கறுப்பு. அவ்வளவுதான். கண் இல்லை, பொட்டு இல்லை, நீ அன்றைக்கு உடுத்தியிருந்த மஞ்சள் சட்டை இல்லை.

"நானா, இதைக் கொஞ்சம் வெளுப்பா எடுத்துத் தர ஏலாதா?"

"பின்னால லைட்ட வெச்சிட்டு ஆள நிப்பாட்டினா இப்பிடித்தான் புள்ள ஈக்கும். சரி, பாப்பம். நாளக்கி வாங்கோ."

மறுநாளும் போனேன். அவர் வெளுப்பாக எடுத்துத்தான் வைத்திருந்தார். கூடு வெறும் காகிதமாகப் போயிருந்தது. உன் முகம் இருந்த இடத்தில் சாம்பல் அள்ளிப் பூசினது போல ஒரு புள்ளிக் கூட்டம். நான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சினேன்.

"இல்லாத்த நான் எங்கேருந்து கொண்டு வார, மகள்?" என்றார். காசு வாங்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம். ஊசி நடுவில்தான் நின்றது அக்கா. நானே பார்த்தேன். அது பொய் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது. அது கூட்டைப் பற்றிச் சொன்னது. உன்னைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவே இல்லை. முகத்துக்குக் கிட்டே ஒருதரம் கொண்டுபோய்ப் பார்த்திருந்தால் போதும். ஊசியைப் பார்க்கும்போது நாம் நிற்கிற இடம் காலியாக இருந்தது, ஆகவே யார் முகத்தைப் பார்ப்பது? இப்படி யோசித்து யோசித்து இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், மழையில் நடந்து வந்தேன்.

அம்மா இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வெளுப்பை உடனே தள்ளினாள். "ஆஸ்பத்திரியில கெடந்த மாதிரி இருக்கா." கறுப்பைக் கையில் எடுத்தாள். "இது நீ. இது அவ. ஒன் பக்கம் திரும்பி என்னமோ சொல்றா. பாரு, வாய் தொறந்திருக்கு."

பார்த்தேன். ஆமாம். மூக்கு, பிரிந்த உதடு, தோளில் விழுந்த பின்னல், எல்லாம் கத்தரித்து ஒட்டினது போல ஓரம் ஓரமாக இருந்தது. அப்போது என்ன சொன்னாய் அக்கா? கண்ணைச் சிமிட்டாதே என்றா? சிரி என்றா? உன் பக்கத்தில் நின்ற எனக்கே அது நினைவில்லை. பாடம் பாடமாக எல்லாம் நினைவில் வைத்திருக்கிற தலைக்கு இது மட்டும் நிற்கவில்லை.

திவசத்துக்கு அம்மா அந்தக் கறுப்புப் படத்தைத்தான் சட்டம் போட்டாள். அப்பா முணுமுணுத்தார். அட்டைப் படத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். பெரியம்மா வந்தவுடன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள்.

"ஏன்டி, மூஞ்சியே தெரியல. யாருக்கு மால போட்டிருக்கீங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா சாம்பிராணித் தட்டை இறக்கி வைக்காமலே பதில் சொன்னாள்.

"கூடு கட்டுனவளுக்கு."

நான் அடுப்படிக்குள் போய்ப் பாத்திரங்களோடு சண்டை போட்டேன். முகமில்லாத அக்காவுக்கு மாலை. சரியாக விழுந்த என் படம் உறைக்குள், யாருக்கும் வேண்டாததாக. உழைத்ததற்கு இதுதானா என்று யாரிடம் கேட்பது?

திவசம் முடிந்த அடுத்த நாள் காலையில் படங்களை அடுக்கும்போது உறையின் அடியிலிருந்து ஃபிலிம் துண்டுகள் விழுந்தன. நானா வெட்டித் தந்த நெகட்டிவ். ஜன்னலில் நல்ல வெயில். சும்மா தூக்கிப் பிடித்தேன்.

அதில் எல்லாம் தலைகீழ் அக்கா. கூடு கறுத்துப் போய்க் கரிக்கட்டை மாதிரி கிடக்கிறது. அதன் முன்னால் நீ நிற்கிறாய், வெளிச்சமாக. புகைக்கூட்டில் தொங்கும் ரப்பர் ஷீட்டை வெயிலில் தூக்கிப் பார்த்தால் ஒரு நிறம் வருமே, அந்த நிறத்தில், தலையிலிருந்து கால்வரை. புத்தகத்தில் இதுவும் இருந்தது, நான் மனப்பாடம் செய்துவிட்டு விளங்காமல் விட்டிருந்தேன். வெளிச்சம் படாத இடம்தான் ஃபிலிமில் தெளிவாக நிற்கும். அன்றைக்கு உன் மேல் வெளிச்சமே படவில்லை. அதனால்தான் இன்றைக்கு வெயில் உன் வழியாக வருகிறது.

அம்மா பால் வெட்டிவிட்டு வந்தாள். கை கழுவச் சொல்லி, ஓரத்தைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஜன்னலுக்கு நேராகத் தூக்கியவள் சட்டென்று கையை இறக்கிவிட்டாள்.

"புள்ள, வெளிச்சம் பட்டா?"

"ஒன்னும் ஆகாதும்மா. கழுவியாச்சு. இனிமே எவ்வளவு வெளிச்சம் பட்டாலும் போக மாட்டா."

மறுபடி தூக்கினாள். கை வலிக்கும்வரை தூக்கியே வைத்திருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "வார வெசாக்குக்கு நான் நிக்கிறேன். ஆனா அவ எடத்துல இல்ல. அதுக்குப் பக்கத்துல."

அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த வெசாக்கில் மாலனியோடு சேர்ந்து கூடு கட்டுவேன், மூலை கோணாமல். பொழுது இறங்குகிற நேரத்தில் ஊசியிடம் கூட்டைப் பற்றியும் கேட்பேன், வானத்தைப் பற்றியும் கேட்பேன், அம்மாவின் முகத்துக்குக் கிட்டே போய் அதைப் பற்றியும் கேட்பேன். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் முகம் சொல்வதைத்தான் கேட்பேன். கூடு வெளுத்துப் போனால் போகட்டும். ஒரு ரோல் முழுவதும் செலவானாலும் செலவாகட்டும். நீ திட்டினால் திட்டு. அம்மாவின் முகத்தை நான் இருட்டில் விடமாட்டேன்.

பதில் எழுத உன்னால் முடியாது என்று தெரியும். அன்றைக்கு என் பக்கம் திரும்பிச் சொன்னாயே, அதை மட்டும் எப்போதாவது கனவில் வந்து இன்னொரு தரம் சொல்லிவிட்டுப் போ.

கறுப்புப் படத்தில் உனக்கு இடப்பக்கம் நிற்கிற,
உன் தங்கச்சி
புவனா